வேற என்ன தின்னுச்சு?

ஒரு நாய்க்கு வாந்தி என்றால் அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் கூட்டிவரச் சொன்ன கால்நடை டாக்டர் அவர் ஒருவர்தான். அவருக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ டாக்டர்களிடம் நான் கம்பவுண்டராக வேலை பார்த்திருக்கிறேன். நாயைப் பார்ப்பார்கள், ஊசியைச் சொல்வார்கள், நான் போடுவேன், அடுத்தது வரும். இந்த அம்மா நாயைத் தொடுவதற்கு முன்னால் மனிதர்களை விசாரிப்பார். அதுவும் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழக்கூடாது.

மருந்து வைக்கிற அறைதான் விசாரணை அறை. ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். கேள்வி ஒன்றுதான். "நாய்க்கு என்ன குடுத்தீங்க?" பதில் வந்ததும், "வேற?" என்பார். அதற்கும் பதில் வந்ததும் மறுபடி, "வேற?" குரல் உயராது, முகம் மாறாது, பேனா மட்டும் எழுதிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் இனி ஒன்றுமில்லை என்று கையை விரித்த பிறகும் இன்னொரு தடவை "வேற?" வரும். பெரும்பாலும் அதில்தான் விஷயம் வெளியே விழும். அந்த அறை என்னுடையது என்பதால் என்னை வெளியே அனுப்ப முடியாது. புட்டிகளைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். எங்கள் ஊர் ரகசியங்களில் பாதி எனக்குத் தெரிய வந்தது இப்படித்தான்.

"எதுக்கு மேடம் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வேலை?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் நாய்க்குப் போடறாங்க சார். மாமியாருக்குத் தெரியாம மருமவ, மருமவளுக்குத் தெரியாம மாமியா. சேர்த்து வெச்சுக் கேட்டா எல்லாரும் பழைய சோறுன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

அவர் தம்மம்பட்டிப் பக்கம். எங்கள் ஊர் 'ங்க' அவர் வாயில் பாதிதான் ஏறியது. எழுபதுகளின் கடைசியில், நாமக்கல்லுக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். மாடும் எருமையும் வரிசையில் நிற்கிற இடம் அது. ஒரு பெண் பிள்ளை வந்து காளைக்குப் பக்கத்தில் நிற்குமா என்று ஊரே வாய்க்குள் சிரித்தது. நானும் சிரித்தேன், மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மாட்டு வைத்தியத்தில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் நாய்களுக்காக அத்தனை நேரம் செலவழித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நாய் என்ன பால் கறக்குமா, ஏர் இழுக்குமா? இப்படி நினைத்த காலமும் எனக்கு இருந்தது.

நாய் வயிறு என்று வந்துவிட்டால் அவருக்கு இரண்டாவது வேண்டியது, நாய் வெளியே போனது. அதைப் பார்க்காமல் மருந்து கிடையாது. ஊரில் மானம் மரியாதையோடு இருக்கிற ஆட்களெல்லாம் நாயின் மலத்தைத் தேக்கிலையில் மடித்து எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார்கள். நாலு லாரி வைத்திருந்த ஒருவர் தூக்குப் போசியில் போட்டு மூடியும் இறுக்கிக் கொண்டுவந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் "என்னங்க, சந்தைக்கு நெய்யா?" என்று கேட்டாராம். பாவம், ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த லாரிக்காரர் நாய்க்கு இரண்டு வாரமாகக் கழிச்சல். "எங்க ஊட்டு நாய் கண்டதெல்லாம் தின்னாதுங்க. பாலுஞ்சோறுந்தான்" என்று அடித்துப் பேசினார். டாக்டரம்மா போசியைத் திறந்து, ஒரு குச்சியால் கிளறி, நாலைந்து வெள்ளை இறகுகளை எடுத்து வரிசையாகக் காகிதத்தில் வைத்தார். பக்கத்தில் கோழிப் பண்ணை. செத்த கோழிகளை வேலிக்கு வெளியே வீசிவிடுவது அப்போது வழக்கம்.

"பால் எந்தக் கடையில வாங்கறீங்க? இறகு முளைச்சிருக்குதே" என்றார்.

லாரிக்காரரே சிரித்துவிட்டார். அவர் போன பிறகு டாக்டரம்மா பண்ணைக்குப் போய், செத்த கோழிக்குக் குழி வெட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

இன்னொரு தடவை, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கண் பட்டுவிட்டது என்று கழுத்திலும் காலிலும் கறுப்புக் கயிறு. டாக்டரம்மா குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. மலம் தார் மாதிரிக் கறுப்பு. அதில் துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, "நீங்களே பாருங்க சார்" என்று வாத்தியாரை உட்கார வைத்தார். வாத்தியார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கொக்கிப்புழுவின் முட்டைகள். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிற புழு அது. மருந்து கொடுத்து அனுப்பும்போது வாத்தியார் வெட்கத்தோடு கயிற்றை அவிழ்க்கப் போனார். "அது கிடக்கட்டும், அது ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டார். யாரையும் சிறுமைப்படுத்தி அனுப்புகிற பழக்கம் அவரிடம் இல்லை.

எல்லாம் தெரிந்த மாதிரி நடிக்கிற பழக்கமும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், நாய்கள் ரத்தமாய்க் கழிந்து இரண்டே நாளில் செத்தன. அப்படி ஒரு நாற்றத்தை நான் அதுவரை முகர்ந்ததில்லை. புழுவும் இல்லை, விஷமும் இல்லை. அவர் விசாரித்தார், மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். பிழைத்தவை கொஞ்சம், போனவை நிறைய. குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அழுத ஒரு தாயாரிடம், "இது எனக்குத் தெரியாத நோய்ம்மா. நான் படிச்சப்ப இது இல்லை" என்றார். மெட்ராஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். புது வைரஸ் என்று பின்னால் பதில் வந்தது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 'எனக்குத் தெரியாது' என்று சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அன்றிலிருந்துதான் நான் அவரை மனதார 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

இனி டைகர் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமனாருடைய அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், ஊருக்கு மேற்கே தோட்டங்காடு உள்ளவர். கரும்பு, மஞ்சள், கிணற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மாமரம். டைகர் அவருடைய நாய். பெரிய மாமா எங்கே போனாலும் அது இரண்டடி பின்னால் போகும். ஒரு மாம்பழக் காலத்தில், வியாழக்கிழமை காலை, அதை டிராக்டர் டிப்பரில் போட்டுக்கொண்டு அவரும் அத்தையும் மகனும் வந்தார்கள். நாயால் நிற்க முடியவில்லை. வாயில் போட்ட தண்ணீர்கூட அப்படியே திரும்பி வந்தது.

"மருந்து வெச்சுப்போட்டா மாப்பிள்ளை. பாவாயிதான் வெச்சுப்போட்டா" என்றார் பெரிய மாமா.

பாவாயி அவர் தோட்டத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு, அவரைப் பண்ணாடி என்று கூப்பிட்டு, வேலை செய்தவள். புருஷன் போர் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போயிருந்தான். இரண்டு பெண் குழந்தைகள். போன வாரம் டைகர் அவளுடைய அடைக்கோழியைப் பிடித்துவிட்டது. அவள் வாசலில் நின்று, "இந்த நாய் நாசமாப் போக" என்று வாய்விட்டுத் திட்டியதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். போதாதா? நாளைக்குள் குடிசையைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

சொந்தக்காரர் சொல்கிறார், நாய் கிடக்கிற கிடையும் அப்படி இருக்கிறது. நான் பாலிடால் பூச்சிமருந்து என்றே முடிவு செய்து அதற்கான மாற்று மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டேன். டாக்டரம்மா மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து, நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "ஊசியைக் கீழ வைங்க சார்" என்றார். நாயின் கண்ணிமையைத் தூக்கினார்.

"பாலிடால்னா கண்மணி ஊசிமுனையா சுருங்கிடும். வாயில எச்சில் ஒழுகும், சதை துடிக்கும், இவ்வளவு நேரமும் தாங்காது. இதுக்கு ஒண்ணுமே இல்லையே. இந்த ஊசியைப் போட்டா ஓடற கொஞ்சக் குடலும் நின்னுடும்."

ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"நாய்க்குச் சோறு போடற எல்லாரையும் நான் பார்க்கணும். பாவாயியும் வரணும்."

"அவளெதுக்குங்க அம்மிணி?" என்று பெரிய மாமா எகிறினார்.

"தோட்டத்துலயே இருக்கறவங்க, அவங்களும் ஏதாச்சும் போடுவாங்க இல்ல?"

மகன் ஒரு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். முதலில் அத்தை உள்ளே போனார். பழைய சோறு, கம்மஞ்சோறு, மோர். வேற? நேற்று ஒரு வாய் பொங்கல். மகன் போனான். ஒன்றுமில்லை. வேற? இரண்டு ரொட்டி. அதற்குள் பாவாயி வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்து சேர்ந்தாள். போலீஸ் நிற்கும் என்று நினைத்து வந்தவள் மாதிரி இருந்தது அவள் முகம். டாக்டரம்மா ஸ்டூலைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. "நின்னுட்டு பேசினா பாதி மறந்துடும், உட்காருங்க" என்ற பிறகுதான் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணும் வெக்கலீங்க."

"வெச்சீங்களான்னு கேக்கல. என்ன பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க."

"தெனமும் ராத்திரிக்கு எங்கூட்டு வாசல்லதான் களி திங்குமுங்க. திங்கக்கெழமைலருந்து தொடலீங்க. அப்பறம்…"

"வேற?"

"வெளியவும் போகலீங்க. குந்துது, முக்குது, எந்திரிச்சுருது. ஒண்ணும் வரலீங்க."

"வேற?"

பாவாயி யோசித்தாள். "செவ்வாக்கெழம எங்கூட்டு வாசல்ல கக்குச்சுங்க. நான்தான் கூட்டிப் போட்டேன். அதுல மஞ்ச மஞ்சளா நாரு இருந்துதுங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அந்தத் தோட்டத்தில் மூன்று நாளாய் அந்த நாயை உருப்படியாகப் பார்த்த ஒரே ஆள், அதற்கு விஷம் வைத்ததாகச் சொல்லப்பட்டவள்தான்.

அவர் வெளியே வந்து நாயின் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் விரல்கள் நின்றன. நாய் முனகியது. என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். தட்டையாக, கெட்டியாக ஏதோ நழுவியது.

கடைசியாகப் பெரிய மாமாவைக் கூப்பிட்டார். "நான் நாய்க்குச் சோறு போடறதில்லீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

"வேற?"

"வேறன்னா? ஒண்ணுமில்லீங்க."

"வேற?"

பெரிய மாமா என்னைப் பார்த்தார். நான் புட்டியைத் துடைத்தேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. சேலம் டாக்டர் மாம்பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பழம் பழுக்க வைத்த அறையின் சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றார், தணிந்த குரலில். "குண்டு மாம்பழம். மரத்தடியில கெடந்துது. மோட்டார் ரூமுக்குப் பொறவால உக்காந்து தின்னேன். கொட்டையும் தோலும் கெடந்தா ஆராச்சும் பாத்துப்போடுவாங்கன்னு நாய்க்குப் போட்டனுங்க. நக்கிப்போட்டு உட்டுரும்னு நெனச்சேன்."

"முழுங்கிடுச்சு. குடல்ல அடைச்சிருக்கு. இப்பவே அறுத்து எடுக்கணும்."

"எடுத்துப்போடுங்க அம்மிணி. ஆனா எலும்புன்னு சொல்லிப்போடுங்க. ஊட்டுல தெரிஞ்சா மானம் போயிருமுங்க."

"உள்ள என்ன இருக்கோ அதைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். யாரு போட்டதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மேசையைத்தான் கழுவித் துடைத்தோம். கத்தி, கத்தரி எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். மயக்க ஊசி போடுவதற்குள் டைகர் மிரண்டு பெரிய மாமாவின் மகனையே கடிக்கப் போனது. "பாவாயி, நீங்க பிடிங்க" என்றார் டாக்டரம்மா. அவள் அதன் தலையை மடியோடு அணைத்து, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்றாள். கோழியைத் தின்ற நாயைத்தான் அப்படிச் சொன்னாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

நான் எத்தனையோ அறுவை பார்த்தவன். அன்றைக்கு அவர் கை வேலை செய்ததை இன்றைக்கும் சொல்லிப் பெருமைப்படுகிறேன். வீங்கிச் சிவந்த குடலை வெளியே எடுத்து, ஈரத்துணியில் கிடத்தி, ஒரே கீறலில் திறந்து கொட்டையைப் பிதுக்கி எடுத்தார். பொடித்தையலாகத் தைத்து, அதன் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. ஜன்னலில் நின்ற கூட்டம் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கொட்டையைத் தட்டில் போட்டு வெளியே கொண்டுவந்தேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

"மாங்கொட்டை! ரூம்பு சாவி எங்கிட்டல்ல இருக்குது? மரத்தடியில உழுந்த பழத்தையும் நான்தான் எண்ணிப் பொறுக்கறேன். அப்பறம் இது எப்படி?" சொல்லிக்கொண்டே திரும்பிப் பாவாயியைப் பார்த்தார். "பழத்தைத் திருடித் தின்னுபோட்டு, கொட்டையை நாய்க்குப் போட்டிருக்கறா பாருங்க. மருந்து வெக்கலீன்னா என்ன, கள்ளி கள்ளிதானே."

கூட்டத்தில் ரெண்டு பேர் தலையாட்டினார்கள். பாவாயி ரத்தம் பட்ட சேலையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். உண்மை தெரிந்தும் வாயைத் திறக்க முடியாமல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார். பெரிய மாமாவை மட்டும் பார்த்தார்.

பெரிய மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவளெ ஒண்ணும் சொல்லாத" என்றார் அத்தையிடம். "கொட்டை என்னுது. நான்தான் ஒளிச்சு வெச்சுத் தின்னுபோட்டு நாய்க்குப் போட்டேன். அவ ஒண்ணும் பண்ணல."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா என்னிடம் சீட்டை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இன்று தண்ணீர்கூடக் கூடாது. நாளைக்கு வடித்த கஞ்சித் தெளிவு இரண்டு கரண்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம். பத்து நாளைக்கு ஒரே ஆள் கையால்தான் சாப்பாடு. அதன் பிறகு ஒரு வரி சொன்னார். நான் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தேன். "எழுதுங்க சார்" என்றார். நாய் பாவாயி வீட்டில் இருக்க வேண்டும்.

"அவ ஊட்டுலயா?" என்றார் பெரிய மாமா.

"உங்க வீட்டுல போடற கை அதிகம். ஒரு வாய் அதிகமா உள்ள போனாலும் தையல் விட்டுடும். நாய் உங்களுக்கு வேணும் இல்ல?"

பெரிய மாமா சீட்டை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். குடிசையைக் காலி செய்கிற பேச்சு அங்கேயே நின்றது. வைத்தியக் காரணம் என்று டாக்டரம்மா சொன்னது அத்தனையும் உண்மைதான். அதை விட்டு ஒரு சொல் அந்தண்டை போகவில்லை. இந்த அம்மாவிடம் நான் வேலை பார்த்தேன் என்று என் பேரன் பேத்திகளிடம் சொல்கிறபோது எனக்கு வருகிற மிதப்பு, பென்ஷன் வாங்கும்போதுகூட வருவதில்லை.

ஊசி போட நான் தினமும் சைக்கிளில் போனேன். முதல் இரண்டு நாள் பெரிய மாமா வரப்பிலேயே நின்று, "எப்படி இருக்குது மாப்பிள்ளை?" என்று என்னைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். மூன்றாம் நாள் வேலி வரைக்கும் வந்தார். ஐந்தாம் நாள் நான் போனபோது குடிசைக்குள்ளே குனிந்து, நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அந்தக் குடிசைக்குள் தலை நீட்டியதே இல்லை. டைகர் வாலை ஒருதரம் தரையில் தட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி" என்றார், நாயைத் தடவிக்கொண்டே. நாயிடம் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தலையைத் தூக்கிப் பாவாயியைப் பார்த்தார்.

பாவாயி அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கி, தெளிவை வடித்துக்கொண்டிருந்தாள். கரண்டியையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கஞ்சி ஊத்தோணும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க பண்ணாடி" என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார்.